விளக்குக்கு வராத பூச்சி

எங்கள் துப்பறியும் ஆபீஸ் மாடியில். கீழே பல் டாக்டர். மாடிப்படி ஏறி வருகிறவர்களில் பாதிப்பேர் கதவு மாறி வந்த பல்வலிக்காரர்கள். அதனால் அன்று காலை ஒன்பது மணிக்கு, துண்டால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஒருவர் வந்து நின்றதும், நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கீழ, இடது பக்கம். டாக்டர் காலியாத்தான் இருக்கார், போங்க," என்றேன்.

"பல்லு இல்ல தம்பி," என்றார் அவர். "அழுதுக்கிட்டே வந்துட்டேன். மூஞ்சியைத் துடைக்கிறேன்."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அக்கா என்றால் கூடப் பிறந்த அக்கா. துப்பறிவது அவள் வேலை. கார் ஓட்டுவது, கதவைத் தட்டுவது, திட்டு வாங்குவது மூன்றும் என் வேலை. இந்த ஆபீஸ் வைப்பதற்கு முன்னால் அவள் பதினோரு வருஷம் கால்நடை இன்ஷூரன்ஸில் இருந்தாள். மாடு செத்தது, கோழி செத்தது, குளத்து மீன் செத்தது என்று வருகிறவர்களில் யார் சொல்வது நிஜம், யார் கதை விடுகிறார் என்று செத்ததைப் பார்த்தே சொல்லிவிடுவாள். கண்ணாடி அத்தனை தடிமன் என்பதால் ஊருக்குள் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அவள் எதிரில் நான் அதைச் சொல்வதில்லை. எனக்குச் சம்பளம் அவள் கையில்.

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். விரல் நகங்களுக்குள் மண். கையிலிருந்த ஐஸ் பெட்டியை மேஜைமேல் வைத்தார். நான் அப்போதுதான் துடைத்து வைத்த மேஜை.

"எனக்கு நாத்துப் பண்ணைங்க. இந்தச் சுத்துவட்டாரத்துல எல்லா வயலுக்கும் நம்ம நாத்துதான் போகுது. பிரச்னை எனக்கில்ல, என் தம்பிக்கு. அவன் பெரிய ஏரியில மீன் பிடிக்கிறான்."

"சொல்லுங்க," என்றாள் அக்கா.

"நாலு வருஷமா ஏரியில மீன் குறைஞ்சுக்கிட்டே போகுது. ஒரு நாளைக்கு நாப்பது கிலோ எடுத்தவன் இப்ப மூணு கிலோவுக்கு நாய் படாத பாடு படறான். எல்லாருக்கும் அதே கதிதான். ஆனா மீனவர் சங்கத்துல பழியைத் தூக்கி இவன் தலையில போட்டுட்டாங்க. இவன் சின்னக் கண்ணி வலை போட்டுக் குஞ்சு குளுவானை எல்லாம் வாரிட்டானாம். இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கூட்டம். லைசென்ஸ் போயிடும். வீடும் சங்கத்தோடது, அதுவும் போயிடும். பொண்டாட்டியும் கைக்குழந்தையுமா அவன் எங்கங்க போவான்?"

"யாராவது ஏரியில விஷம் கலந்திருக்கலாமே?" என்றேன். கேஸ் சீக்கிரம் முடிந்தால் மத்தியானம் தூங்கலாம் என்ற நல்லெண்ணம்தான்.

"நானும் அப்படித்தான் தம்பி நினைச்சேன். லேபுக்கு அனுப்பினோம். மீன்ல விஷமே இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. விஷம் இல்லைன்னா அப்புறம் திருட்டுதானேன்னு சங்கத்துல கேக்கறாங்க."

அக்கா பெட்டியைத் திறந்தாள். உள்ளே மூன்று மீன். தலை மட்டும் பெரிதாக இருந்தது. உடம்பு, வேறு ஏதோ சின்ன மீனிடம் இரவல் வாங்கி ஒட்டியது போல ஒல்லி. என்னுடைய பேப்பர் வெட்டும் கத்தியை எடுத்து ஒரு மீனின் வயிற்றைக் கீறினாள். என்னைக் கேட்கவில்லை, எப்போதும் கேட்பதில்லை.

"ஏரியில எப்பவாவது செத்து மிதந்துச்சா?"

"இந்த நாலு வருஷத்துல ஒண்ணுகூட மிதக்கலைங்க."

"டேய், வயித்துக்குள்ள என்ன இருக்கு பாரு."

எட்டிப் பார்த்தேன். "ஒண்ணும் இல்லையே."

"அதேதான்," என்று சொல்லி, அவள் அடுத்த மீனைக் கீறினாள். மூன்றிலும் ஒன்றுமில்லை.

நாற்றுக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு பண்ணினதுன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்கம்மா. அவன் எப்பேர்ப்பட்ட ஆளா இருந்தாலும் சரி, நானே சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து சங்கத்து முன்னாடி நிறுத்தறேன். தம்பி ஆறு மாசக் குழந்தையா இருந்தப்பவே அம்மா போயிட்டாங்க. எனக்கு அப்ப வயசு பதினஞ்சு. அவனை இடுப்புல வச்சுக்கிட்டுத்தான் நான் மண்ணு கொத்தினேன்."

ஏரிக்குப் போக முக்கால் மணி நேரம். அதில் கடைசி இருபது நிமிஷம் ஏரிக்கரையை ஒட்டியே ரோடு. நாற்றுக்காரர் தன் வண்டியில் முன்னால் போனார். காரை நிறுத்தியதும் நான் பெருமையோடு முன்கண்ணாடியைத் தட்டிக் காட்டினேன்.

"பாத்தியாக்கா, பளிங்கு மாதிரி இருக்கு. வண்டி வச்சிருந்தா இப்படி வச்சுக்கணும்."

"எப்ப துடைச்ச?"

"போன ஞாயித்துக்கிழமை."

"ஏரி ஓரமா இவ்வளவு தூரம் வந்திருக்கோம். ஒரு பூச்சிகூட அடிபடலையா?"

"என் டிரைவிங் அப்படி," என்றேன். அவள் சிரிக்கவில்லை. இறங்கி நேராக டீக்கடைக்குப் போனாள்.

டீக்கடை நடத்திய அம்மா எங்களுக்கு டீ ஆற்றிக்கொண்டிருக்கும்போது அக்கா அண்ணாந்து டியூப் லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வந்த இடத்தில் மனுஷர்களைப் பார்த்துப் பேசாமல் லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன நினைப்பார்கள்?

"இந்த லைட்டு புதுசாம்மா?"

"ஐயோ, அது கிடக்குது ஏழெட்டு வருஷமா."

"சுத்தமா இருக்கே. தினமும் துடைப்பீங்களோ?"

"இப்ப எதுக்குத் துடைக்கணும்? முன்னல்லாம் கேக்காதீங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு லைட்டைப் போட்டா போதும், ஏரியிலேர்ந்து பூச்சி படை திரண்டு வந்துடும். டீ டம்ளருக்கு மூடி போட்டுத்தான் கொடுப்பேன். காலையில வந்தா செத்துக் கிடக்கறதை முறத்துல அள்ளிக் கொட்டணும். பூச்சி தொல்லை தாங்காம லைட்டை அணைச்சுட்டு இருட்டுலயே வியாபாரம் பண்ணின நாளெல்லாம் உண்டு. இப்ப நிம்மதியா இருக்கேன்."

"எப்பலேர்ந்து நிம்மதி?"

அந்த அம்மா யோசித்தார். "சின்னவ ஸ்கூல்ல சேர்ந்த வருஷம்... நாலு வருஷம் இருக்கும்."

அக்கா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். நான் அவளுடையதையும் சேர்த்துக் குடித்துவிட்டு ஓடினேன்.

தம்பிக்காரர் கரையில் படகைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது, ஒல்லி, அதிகம் பேசாத ஆள். அவருடைய அண்ணன் வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். உள்ளேயிருந்து அவர் குரங்கு மாதிரி சத்தம் போடுவதும் குழந்தை சிரிப்பதும் கேட்டது.

"அண்ணனுக்கு வேற வேலை இல்லைங்க. உங்களைப் போய் அலைய விட்டிருக்காரு," என்றார் தம்பிக்காரர்.

"சின்னக் கண்ணி வலை வச்சிருக்கீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"வச்சிருக்கேன். இல்லைன்னு சொல்லலையே. இறால் பிடிக்கிறதுக்கு. தூண்டிலுக்கு அதுதான் இரை. இப்ப ஏரியில இறாலே கிடையாது. வலை தண்ணியைப் பாத்து மூணு வருஷம் ஆச்சு." பக்கத்திலிருந்த கொட்டகையைக் காட்டினார். வலை ஆணியில் தொங்கியது. தொட்டுப் பார்த்தேன், அப்பளம் மாதிரி மொறமொறவென்று காய்ந்திருந்தது.

"முதல்ல போனது இறாலா, மீனா?"

அவர் முதல் தடவையாக அக்காவை நிமிர்ந்து பார்த்தார். "இறால்தான். ஒரே வருஷத்துல காணாம போச்சு. மீன் அப்புறம்தான் குறைய ஆரம்பிச்சுது. யாரும் இதைக் கேக்கலையே என்கிட்ட!"

"நத்தை?"

"அது அப்படியே இருக்கு. கல்லு மேல, தூண் மேல, எங்க பாத்தாலும்."

நாங்கள் இரண்டு பேரும் கரையோரமாகத் தனியே நடந்தோம். "அக்கா, நத்தையைக் கைது பண்ணிடலாம்," என்றேன். "குடும்பமே செத்துக் கிடக்கு, அது மட்டும் உயிரோட இருக்கு. எனக்கு அப்பவே சந்தேகம்."

"முட்டாள். ஆனா கிட்ட வந்துட்ட." இப்படி அவள் என்னைப் பாராட்டி வருஷக்கணக்காகிறது. "யாரைக் கொன்னாங்கன்னே தெரியாம எல்லாரும் கொன்னவனைத் தேடறாங்க. செத்தது யாரு? சாயங்காலம் விளக்குக்கு வர்ற பூச்சி. அது குஞ்சா இருக்கும்போது ஏரிச் சேத்துக்குள்ளதான் புழுவா இருக்கும். அப்புறம் இறால். பூச்சியும் இறாலும் கிட்டத்தட்ட பங்காளிங்க. பூச்சியைக் கொல்றது எதுவோ அது இறாலையும் கொல்லும். நத்தை வேற குடும்பம், அதுக்கு ஒண்ணும் ஆகாது. மீனுக்கும் ஆகாது."

"மீனுக்கு ஆகாதுன்னா அப்புறம் மீன் எங்க?"

"பூச்சியும் இறாலும் இல்லாத ஏரியில மீன் எதைடா தின்னும்?"

அவ்வளவு பெரிய தண்ணீரைப் பார்த்தேன். வெயிலில் அழகாகத்தான் இருந்தது. அதற்குள்ளே இருப்பதெல்லாம் நாலு வருஷமாகப் பட்டினி கிடக்கிறது என்றால் நம்ப முடியவில்லை.

"வயல்ல அடிக்கிற பூச்சிமருந்து," என்றாள் அக்கா. "எங்கேர்ந்து வருதுன்னு பாக்கணும். ஏரிக்குத் தண்ணி வர்றது ஒரே கால்வாய்தான். ஷூவைக் கழட்டு."

அப்படித்தான் நாங்கள் மூன்று பேரும் கால்வாய்க்குள் இறங்கினோம். நாற்றுக்காரரிடம் அக்கா விவரமாக ஒன்றும் சொல்லவில்லை; கால்வாய் வழியாக ஏதோ வருகிறது, எங்கிருந்து என்று பார்க்கப்போகிறோம் என்றாள், அவ்வளவுதான். அவர் உடனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் குதித்துவிட்டார்.

வேலை சுலபம். தண்ணீர் வருகிற திசையில் நடக்க வேண்டும். பத்தடிக்கு ஒரு கல்லைப் புரட்டி அடியில் பார்க்க வேண்டும். நல்ல கால்வாய் என்றால் கல்லுக்கு அடியில் ஒரு ஊரே இருக்கும் என்றாள் அக்கா. நான் புரட்டிய கல்லுக்கு அடியில் நத்தையும் பாசியும் இருந்தன. அடுத்த கல்லிலும் நத்தை, பாசி. நாற்பது கல்லுக்குப் பிறகு எனக்கு நத்தையைக் கண்டாலே எரிச்சல் வந்தது.

"அக்கா, இதுக்குப் பேரு துப்பறியறதா? கட்டட வேலைக்கு வந்த மாதிரி இருக்கு."

"இடுப்பு வலிச்சா சொல்லு, திரும்பிப் போகலாம்."

"வலிக்குது."

"இன்னும் கொஞ்சம் வலிக்கட்டும்."

நாற்றுக்காரர் மட்டும் களைக்கவே இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் புரட்டினார். இரண்டு கரையிலும் வயல்கள், எல்லாவற்றிலும் பச்சைப்பசேல் என்று ஒரே உயரத்தில் பயிர். அத்தனையும் அவர் பண்ணை நாற்று என்று நடுநடுவே நிமிர்ந்து சொல்லிக்கொண்டார். வயல் தண்ணீர் சின்னச் சின்ன வாய்க்கால்களாகக் கால்வாயில் வந்து விழுந்தது.

மணி இரண்டரை இருக்கும். கரையிலிருந்து ஒரு சிமெண்ட் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி இரண்டடி மேலே இருந்த கல்லை நாற்றுக்காரர் புரட்டினார். "அம்மா! இங்க வாங்க, இங்க வாங்க!" என்று கத்தினார்.

கல்லின் அடிப்பக்கம் முழுக்க அசைந்தது. தட்டையாக ஒட்டிக்கொண்டு மூன்று வாலை ஆட்டும் பூச்சிக் குஞ்சுகள். தும்பியாகப் போகிற முரட்டுப் பயல் ஒருவன். மணலைக் கோர்த்துச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்ட புழுக்கள். தையல் அத்தனை நேர்த்தி, என் சட்டையை விட ஒழுங்காக இருந்தது. இரண்டு குட்டி இறால் என் விரலுக்கு நடுவே துள்ளி ஓடின. அடுத்த கல்லிலும் அப்படியே. குழாய்க்குக் கீழே ஒன்றுமில்லை, மேலே எல்லாரும் இருந்தார்கள்.

"மாட்டிக்கிட்டான்!" நாற்றுக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இந்தக் குழாய் எவனுதோ அவன்தானேம்மா? இருங்க, எவன் வேலின்னு பாத்துட்டு வரேன். இன்னிக்கு இருக்கு அவனுக்கு!"

ஐம்பது வயதில் கரையை எகிறி ஏறினார். ஏறினவர் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

"அட, இது நம்ம பண்ணையோட பின்பக்கம்ங்க! இந்த வழியா நான் வந்ததே இல்லை, அதான் அடையாளம் தெரியலை. அப்ப இது இல்லைங்க. இன்னும் மேல போயிப் பாக்கலாம். நம்ம மருந்து மீனை ஒண்ணும் பண்ணாது."

அக்கா கையிலிருந்த கல்லை, அதிலிருந்த பூச்சி நசுங்காமல், பழைய இடத்திலேயே மெல்ல வைத்தாள்.

"எப்படிச் சொல்றீங்க?" என்றாள்.

"வாங்க, காட்டறேன்."

பண்ணைக்குள் நாற்றுத் தட்டுகள் வரிசை வரிசையாக இருந்தன. எல்லாத் தட்டுக்கும் மருந்து கலந்த தண்ணீர் ஊற்றி, ஊறின நாற்றைத்தான் வயல்களுக்கு அனுப்புகிறார்கள். வழிகிற மிச்சத் தண்ணீர் குழாய் வழியாகக் கால்வாய்க்குப் போய்விடுகிறது. கொட்டகை மூலையில் ஒரு நீலத் தொட்டி. அதில் ஐந்து மீன், எங்களைக் கண்டதும் மேலே வந்து வாயைத் திறந்தன. ஒவ்வொன்றும் நல்ல கொழுத்த மீன்.

"முன்ன நாங்க வேற மருந்து வச்சிருந்தோம்," என்றார் நாற்றுக்காரர். "அஞ்சு வருஷம் முன்னாடி ஒரு பெரிய மழை. மருந்து அடிச்சுக்கிட்டுப் போயி ஏரியில மீனெல்லாம் செத்து மிதந்துடுச்சு. தம்பி ரெண்டு கையிலயும் செத்த மீனை அள்ளிக்கிட்டு வந்து இதோ இந்த வாசல்ல போட்டான். எட்டு மாசம் என்கூட பேசலைங்க. நான் வளர்த்த பையன், ரோட்டுல பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போவான். எனக்குச் சோறு இறங்கலை. அப்பதான் கடைக்காரர் இந்தப் புது மருந்தைச் சொன்னாரு. பூச்சிக்குத்தான் எமன், மீனை ஒண்ணும் பண்ணாதுன்னு. நான் சும்மா நம்பலை. மருந்துத் தண்ணியிலயே மீனை விட்டு ஒரு மாசம் பாத்தேன். ஒண்ணும் ஆகலை. அப்புறம் இந்தத் தொட்டியை வண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டு ஒவ்வொரு வயல்காரர் வீட்டுக்கும் போனேன். ஏரிக்காரங்க வீட்டுக்கும் போயிக் காட்டினேன். எல்லாரையும் இந்த மருந்துக்கே மாத்த வச்சேன். அன்னிக்குத்தான் தம்பி மறுபடி என்னை அண்ணான்னு கூப்பிட்டான்."

சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கு அந்த இடத்தை விட்டு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது.

"நல்லா கொழுகொழுன்னு இருக்கு," என்றாள் அக்கா. "இதுக்குச் சாப்பாடு?"

"தவிட்டு உருண்டை. காலையில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி. என் கையாலதான் போடுவேன்."

"ஏரியில யாரு போடறாங்க?"

"ஏரியில எதுக்கும்மா போடணும்? அங்க அதுங்க பாட்டுக்குப் பூச்சி, புழு, இறாலுன்னு..."

அவர் நிறுத்தினார். தொட்டியைப் பார்த்தார். பிறகு நாற்றுத் தட்டுகளை, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை. அவர் போய் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"நாலு வருஷம்," என்றார். "நானா? நானாம்மா?"

"நீங்க வேணும்னு பண்ணலை," என்றேன். துப்பறியும் உதவியாளன் சொல்லக்கூடிய உதவாத பேச்சு அதுதான்.

"மருந்தை நிறுத்திட்டா? இன்னிக்கே நிறுத்திடறேன். எல்லாத்தையும் கொட்டிடறேன்."

"கொட்டாதீங்க," என்றாள் அக்கா அவசரமாக. "நிறுத்துங்க. ஆனா சேத்துல இறங்கினது உடனே போகாது. சுத்தி இருக்கற வயல் அத்தனையிலயும் ஊறிக் கிடக்கு. எத்தனை வருஷம்னு என்னால சொல்ல முடியாது. சொன்னா அது பொய்."

கொஞ்ச நேரம் அழுதார். பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டார். "மணி என்ன? நாலா? சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு வரேன்னு சொன்னேன்ல. வாங்க போகலாம். என் தம்பி வீடாவது மிஞ்சட்டும்."

சங்கக் கட்டடத்தில் முப்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஓடாத ஒரு மின்விசிறி, மீன் நிறுக்கிற தராசு. தராசுத் தட்டில் யாரோ செய்தித்தாள் வைத்திருந்தார்கள். சங்கத் தலைவர் பெரிய மீசைக்காரர், பேச்சு மட்டும் மெதுவாக வரும். தம்பிக்காரர் ஓரமாகக் கைகட்டி நின்றார்.

நாற்றுக்காரர் நடுவில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார். மருந்து, குழாய், கல், பூச்சி, ஒன்று விடவில்லை. "என் தம்பி ஒரு குஞ்சைக்கூடத் திருடலை. ஏரியைக் கெடுத்தவன் நான். என்னை என்ன வேணா பண்ணுங்க. போலீசுல கூட கொடுங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

கேஸ் முடிந்தது என்று நான் நினைத்தேன். தலைவர் எழுந்து வந்து நாற்றுக்காரரின் தோளில் கை வைத்தார்.

"அண்ணன்னா இப்படி இருக்கணும்," என்றார். அவர் குரல் நிஜமாகவே தழுதழுத்தது. "எங்களுக்கெல்லாம் இப்படி ஒருத்தர் வாய்க்கலையே."

"ஐயோ, நான் நிஜத்தைச் சொல்றேங்க!"

"உங்களைப் பத்தித் தெரியாதா எங்களுக்கு? தம்பிக்காகத் தலையையும் கொடுப்பீங்க. ஆனா அந்த மருந்துல மீன் சாகாதுன்னு, தொட்டியைத் தள்ளிக்கிட்டு வந்து எங்க வீட்டு வாசல்லயே காட்டினது நீங்கதானே? நாங்க எல்லாரும் கண்ணால பாத்தோமே. இப்ப நீங்களே மாத்திப் பேசினா எப்படி?"

அக்கா எழுந்தாள். விளக்குக்குப் பூச்சி வராததைச் சொன்னாள், காலி வயிற்றைச் சொன்னாள், குழாய்க்கு மேலும் கீழும் உள்ள வித்தியாசத்தை இன்றைக்கே வந்து பாருங்கள் என்றாள். ஒருவர் லேப் ரிப்போர்ட்டை எடுத்துச் சத்தமாகப் படித்தார்: மீனில் விஷம் இல்லை. "விஷத்தால சாகலைங்க, பட்டினியால," என்றாள் அக்கா. பின் வரிசையில் சிரித்தார்கள். "பூச்சி போனதுக்கெல்லாமா கேஸ் போடுவாங்க?" என்று ஒரு குரல். டீக்கடை அம்மா வாசலில் நின்று, "பூச்சி இல்லாதது நல்லதுதானேம்மா?" என்று கேட்டார். அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

கை தூக்கச் சொன்னார்கள். இருபத்தாறு கை மேலே போயிற்று. லைசென்ஸ் ரத்து, பத்து நாளில் வீடு காலி.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு நாற்காலியையாவது உதைத்திருப்பேன். அக்கா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். தலைவரும் எங்கள் பின்னால் வந்தார். யாரும் கேட்கவில்லை என்று பார்த்துக்கொண்டார்.

"அம்மா, நீங்க சொல்றது நிஜமாவும் இருக்கலாம்," என்றார். "நான் நாப்பது வருஷம் அந்தத் தண்ணியில கிடந்தவன். பூச்சி போனது எனக்கும் தெரியும். ஆனா நீங்களே யோசிங்க. இவன் திருடன்னு வச்சுக்கிட்டா, இவனை அனுப்பிட்டோம், அடுத்த வருஷம் மீன் வந்துடும்னு சொல்லி இந்த ஜனங்களைப் படகுல ஏத்தலாம். நீங்க சொல்றது நிஜம்னா, நான் இவங்ககிட்ட என்ன சொல்லுவேன்?"

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு உள்ளே போனார்.

தம்பிக்காரர் வீட்டுக்கு நாங்கள் போனபோது வெயில் இன்னும் இருந்தது. பத்து நாள் கொடுத்திருந்தும் அவர் மனைவி அப்போதே பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டார். தம்பிக்காரர் வெளியே வந்து அண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அத்தனை பேர் முன்னாடி உங்க மானத்தையே பணயம் வச்சுட்டீங்களேண்ணா. எனக்காக."

"டேய், அது பொய் இல்லடா. நிஜமாவே நான்தான்டா."

"போதும்ணா. இங்க யாரும் இல்லை, இன்னும் எதுக்கு நடிக்கிறீங்க?" அன்று முழுக்கச் சிரிக்காத மனுஷர் சிரித்தார். "மேடம், நீங்களும் அண்ணனுக்காக எவ்வளவு தூரம் பேசினீங்க. மறக்க மாட்டேன்."

"அவர் சொல்றது நிஜம்," என்றாள் அக்கா.

தம்பிக்காரர் தலையை ஆட்டினார். நம்புகிற ஆட்டல் இல்லை. பெரியவர்கள் ஒரு முடிவோடு இருக்கிறார்கள், மறுத்துப் பேசக் கூடாது என்ற மரியாதை அது.

"கவலைப்படாதீங்கண்ணா. மச்சான் இருக்கற ஊர்ல ஒரு ஏரி இருக்காம். நல்ல ஏரியாம், சாயங்காலம் ஆனா பூச்சி தொல்லை தாங்கலைன்னு மச்சான் புலம்பறான், மீனும் அப்படிக் கிடைக்குதாம். ஆனா அங்க வயல்காரங்க இப்பதான் பழைய மருந்தை வாங்கி அடிக்க ஆரம்பிச்சிருக்காங்க. போனதும் முதல் வேலையா ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போயி உங்க மருந்தைப் பத்திச் சொல்லப்போறேன். ஒரு தொட்டியும் வாங்கி வச்சு, நீங்க காட்டின மாதிரியே மீனை விட்டுக் காட்டறேன்."

"வேணாம்டா!" நாற்றுக்காரர் அலறிவிட்டார். "டேய், உன் கால்ல விழறேன், சொல்லாதடா!"

குனிந்தவரைத் தம்பிக்காரர் பதறிப்போய்த் தூக்கி நிறுத்தினார், கட்டிக்கொண்டார், முதுகைத் தடவிக்கொடுத்தார். அண்ணன் தோளுக்கு மேலாக எங்களைப் பார்த்து, "இன்னிக்கு ரொம்ப ஒடைஞ்சு போயிட்டாரு," என்று மெதுவாகச் சொன்னார். "கொஞ்ச நேரம் படுக்கட்டும், சரியாயிடும்." பிறகு அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பாய் விரித்தார்.